வாசகர் கேள்வி–பதில்: குமரிக்குக் கைப்பேசி கொண்டுவந்த பத்தாண்டு

2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டின் பேச்சு, பொழுதுபோக்கு, கருவிகள் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அந்தப் பத்தாண்டில் நம் மாவட்டத்துக் குடும்பங்களை மிகவும் மாற்றியது ஜியோவா, வாட்ஸ்அப்பா, யூடியூபா?
– வாசகர், கருங்கல்

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், வாட்ஸ்அப்பின் குரல்பதிவைச் சொல்வேன். 2013 ஆகஸ்டிலேயே வந்துவிட்ட அந்த வசதி நம் வீடுகளுக்குள் நுழைந்தது, 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ சேவை அடுத்த ஆண்டு மார்ச் இறுதிவரை இணையத்தை இலவசமாக வாரி வழங்கிய பிறகுதான். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிக் காரணமும் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் ஏராளமாக உள்ள ஊர்கள் நம்முடையவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாக அழைத்துப் பேசுவதற்குத் தடை இருந்ததே தவிர, குரலைப் பதிந்து அனுப்பத் தடை இல்லை. ஷார்ஜாவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் மகனும் மார்த்தாண்டத்தில் இருக்கும் தாயும் துண்டு துண்டாகப் பேசிக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தத் தாய் பதிவு செய்யும் அழகைப் பார்த்திருப்பீர்கள். மைக் படத்தை அழுத்திக்கொண்டு, "மக்களே, சாப்பிட்டியா?" என்று கேட்பார், மகன் பதில் சொல்லட்டும் என்று விரலை எடுக்காமல் காத்திருப்பார், பேத்தி வந்து விரலைப் பிடித்து விலக்கிய பிறகே அது போய்ச் சேரும். அடுத்த முறை பாதிப் பேச்சில் விரல் நழுவிவிடும். அழுத்திய விரலை எடுத்த பின்னும் பதிவு தொடரும் பூட்டு வசதி வந்தபோது, இத்தகைய தாய்மார்களுக்காகவே யாரோ அதைச் செய்தார்கள் என்று நான் நம்பினேன்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கடிதம் எழுதிய காலத்தில், "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கியவுடனே நம் பேச்சு நம்மை விட்டு நீங்கிவிடும். எழுத்துக்கென்று ஒரு தமிழை உடுத்திக்கொள்வோம். பத்தாண்டின் தொடக்கத்தில் வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. எழுதத் தயங்கியவர்களுக்கு இரண்டுமே எட்டவில்லை. குரல்பதிவு வந்தபின், விளவங்கோட்டுப் பேச்சு விளவங்கோட்டுப் பேச்சாகவே, அதன் இழுவையோடும் ஏச்சோடும், கடல் கடந்து போனது. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொடுத்தது. வானொலிச் செய்தி போல வாசித்தால் ஒழுங்காக எழுதும், நம் வீட்டுப் பேச்சைக் கேட்டால் திணறும். மனிதக் காதுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

என் மாணவர்கள் 'புரோ', 'வேற லெவல்', 'செம', 'கெத்து' என்றே பேசுகிறார்கள். நம் வட்டார வழக்கு அழிந்துவிடுமா?
– ஆசிரியை, தக்கலை

பதற வேண்டாம், அம்மா. சினிமாவும் கல்லூரி விடுதிகளும் மீம் பக்கங்களும் சேர்ந்து பரப்பிய இந்தச் சொற்கள் பாராட்டுவதற்கும் அலட்டிக்கொள்வதற்கும் பயன்படுகின்றன. அதே பையன்கள் மைதானத்தில் ரன் அவுட்டுக்காகச் சண்டை போடும்போது நின்று கேளுங்கள்: 'புரோ' காணாமல் போய் நம் ஊர் 'லே' வந்திருக்கும்.

2019இல் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி உலகமே பேசியபோது, என் தாத்தா, "எந்த நேசமணி?" என்று கோபத்தோடு கேட்டார். இளைஞர்களுக்கு நீங்களே விளக்குங்களேன்.
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தாத்தாவின் கோபம் நியாயமானது. அந்த ஆண்டு மே மாத இறுதியில், ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஜமீன் மாளிகையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதினார். 2001இல் வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. விவரம் தெரியாத ஒருவர் நலம் விசாரிக்கப்போய், பிரார்த்தனை வேண்டுகோள் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தது; மே 30 அன்று புதுதில்லியில் நடந்த பிரதமர் பதவியேற்புச் செய்தியோடு அது போட்டி போட்டது.

ஆனால் குமரியில் நேசமணி என்றால் மார்ஷல் நேசமணிதான். பள்ளியாடியில் 1895இல் பிறந்து, வழக்கறிஞராகி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸை வழிநடத்தி, 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததற்கு முதன்மையான காரணமாக இருந்தவர். போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் 1997இல் நீக்கப்படும்வரை நம் அரசுப் பேருந்துகளில் அவர் பெயர் இருந்தது. மார்த்தாண்டத்துக் கல்லூரி இன்றும் அதைத் தாங்குகிறது. கைப்பேசியில் நேசமணியைத் தேடிய பேரனுக்கு முதலில் வடிவேலு வந்ததில் குற்றமில்லை. தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் சரி.

ஆளுக்கொரு கைப்பேசி இருந்தும் ஒக்கி புயல் எச்சரிக்கை எங்கள் ஆட்களுக்கு ஏன் எட்டவில்லை?
– வாசகர், தூத்தூர்

உங்கள் ஊரார் செல்லும் தொலைவே காரணம். கரையோரக் கோபுரங்களின் அலை சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் நின்றுவிடும். சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் படகுகளுக்கு அங்கே கைப்பேசி வெறும் படம் பார்க்கும் பெட்டிதான். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ்ஸும் வெகுதூரம் எட்டாது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் எச்சரிக்கை வலுத்தபோது, பலர் அதற்கு நாட்கள் முன்பே கடலேறியிருந்தார்கள். கரையிலோ நிலைமை நேர்மாறு: காணாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியலைத் தேவாலயப் பங்குகள் திரட்டின, படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன, டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த மக்கள்திரளை நாடே பார்த்தது. பின்னர் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. புளூடூத்தில் கைப்பேசியோடு இணைந்து செய்தியைக் காட்டிய அந்தக் கருவியால் திரும்பப் பதில் அனுப்ப இயலாது என்பது பெரிய குறை.

எஸ்எம்எஸ் காலத்துக்கு ஏங்குபவன் நான். தவறா?
– வாசகர், குலசேகரம்

தவறில்லை. ஆனால் 2011 செப்டம்பரில் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பு கட்டியதையும், தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் சலுகை பேக் செல்லாமல் வாழ்த்து ஒவ்வொன்றுக்கும் காசு போனதையும் சேர்த்தே ஏங்குங்கள்.