சாஃப்ட்னரில் உப்பு இறங்கவில்லை, தண்ணீர் மறுபடியும் கடினமாக வருகிறது: என் பதில்

தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னர் மெஷினில் சமையல் தூள் உப்பைப் போட்டதிலிருந்து அதன் தொட்டியில் உப்பு மட்டம் குறையவே இல்லை, குழாயில் திரும்பவும் வெள்ளைப் படிவு என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷின் போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். தூள் உப்பு ஈரத்தில் இறுகி, மேலே பாலம் போல நின்றுவிடும், அடியில் வெற்றிடம். கீழே உள்ள தண்ணீரில் உப்பு கரையாது. உப்புநீர் போகாவிட்டால், மெஷினுக்குள் இருக்கும் ரெசின் என்னும் சிறு மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்தபடியே இருக்கும், விடாது. அதனால்தான் கடினம் திரும்பியிருக்கிறது.

ஒரு மரக்கம்பால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். ஓங்கி இடித்தால் தொட்டி விரிசல் விடும், கவனம். பாலத்தை உடைத்து, அடியில் சேறாகப் படிந்திருப்பதையும் அள்ளிவிட்டு, கையால் ஒருமுறை ரீஜெனரேஷன் (ரெசினை உப்புநீரால் கழுவிப் புதுப்பிக்கும் சுற்று) ஓட்டுங்கள்.

இனி வாங்குவது சாஃப்ட்னருக்கென்றே வரும் மாத்திரை உப்பாக இருக்கட்டும். உப்புநீரைக் காய்ச்சி எடுப்பது, பெரும்பாலும் 99 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைடு. சூரிய வெப்பத்தில் விளைந்த கல் உப்பும் பரவாயில்லை. வெட்டியெடுத்த பாறை உப்பை மட்டும் நான் சொல்லமாட்டேன். கரையாத கசடு தொட்டியில் தங்கும், பிறகு கழுவுகிற வேலை உங்களுக்கு.

வீட்டில் யாருக்காவது மருத்துவர் சோடியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தொட்டியில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அதுவும் ஆகாது. குடிநீருக்கு சாஃப்ட்னர் வழியாக வராத தனிக் குழாய் வைப்பது நல்லது.

தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், முக்கால் போதும்.