"புரிந்ததா?" என்ற கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

மொரிசியஸில் ரோஸ்ஹில் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிந்தது டீச்சர்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. மனம்விட்டுப் பேசுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

"புரிந்ததா?" என்று கேட்பதை முதலில் விட்டுவிடுங்கள். மணி அடிக்கப்போகும் நேரத்தில் "புரியவில்லை" என்று சொல்லி, மற்ற எல்லோரையும் உட்கார வைக்க எந்தப் பிள்ளை துணியும்? "இந்தப் பாடத்தில் எந்த இடம் கடினம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். நம் தொழிலில் இதுதான் பெரும்பாடு. மூன்று நொடி பொறுக்காமல் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது மொழி. வீட்டில் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல், பாடநூல்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும், உங்கள் பாடவேளையில் மட்டும் தமிழ் என்று வளரும் பிள்ளை, தன் ஐயத்தையும் தமிழில்தான் கேட்க வேண்டும் என்றால், கேட்காமலே இருந்துவிடும். "மோ பா கொம்ப்ரான்" (எனக்குப் புரியவில்லை) என்று அது கிரியோலில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். 2012இல் கிரியோல் தொடக்கப்பள்ளிகளில் விருப்பப் பாடமாக வந்தபோது, தமிழுக்கு வரும் பிள்ளைகள் குறைவார்களோ என்று அஞ்சியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த அச்சத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது.

2002 ஜனவரியில் டீனா புயல் ஓய்ந்து பள்ளி திறந்ததும், ஐந்தாம் வகுப்பில் புயலைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். ஒரு பையன் தலைப்பை மட்டும் எழுதி, அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தான். எல்லோர் முன்பும் சோம்பேறி என்றேன். இடைவேளையில் பார்த்தால், கூரைத் தகரம் பறந்ததையும் பாட்டியை மேசைக்கு அடியில் உட்கார வைத்ததையும் கையை வீசி வீசிக் கிரியோலில் நண்பர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான். அடுத்த பாடவேளையில் அதையே கிரியோலில் சொல்லச் சொல்லி, 'தகரம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். மற்ற சொற்களை அவனே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். சோம்பேறி என்றதற்கு வகுப்பின் முன் வருத்தம் தெரிவித்தேன், அதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

விருப்ப மொழிப் பாடவேளையில் பிள்ளைகள் ஹிந்தி, உருது, தெலுங்கு என்று பிரிந்து போவதால் தமிழுக்கு வருவோர் பெரும்பாலும் குறைவு. அது உங்களுக்கு நல்லதே. வாரம் ஒருநாள் பத்து நிமிடம் அவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். அன்று மட்டும் சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள்.