மின்சாரத்துக்குக் கடை மாற்ற முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கரண்ட் பில்லைப் பற்றியவை. செம்பனை ஆலையில் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேனாக இருந்தவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, பார்ப்போம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி கம்பெனியை மாற்றி பில்லைக் குறைத்துவிட்டான். நமக்கு ஏன் அது இல்லை?

அங்கே 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கி, 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்க மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். நம் மலேசியாவிலும் 2019 செப்டம்பரில் அமைச்சரவை அதே மாதிரி ஒரு திட்டத்துக்குத் தலையாட்டியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. திட்டம் மறு ஆய்வுக்குப் போனது.

ஆனால் தம்பியிடம் 2021 அக்டோபர் கதையையும் கேளுங்கள், அம்மா. எரிவாயு விலை எகிறியபோது, மலிவாக விற்ற பல கம்பெனிகள் கடையை மூடின. அவற்றின் வாடிக்கையாளர்கள் அரசு சார்ந்த மின்சாரக் கம்பெனியான எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். விளக்கு அணையவில்லை, மலிவு விலைதான் போயிற்று. டெக்சஸில் இன்னும் மோசம். 2021 பிப்ரவரிப் பனியில் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. அந்த விலையிலேயே வாங்கச் சம்மதித்திருந்த வீடுகளுக்குச் சில நாளிலேயே ஆயிரக்கணக்கில் பில்.

யாரிடம் வாங்குவது என்பதை அப்புறம் யோசிக்கலாம். எரிபொருள் விலை ஏறினால் அது யார் தலையில் விழும் என்பதை முதலில் கேளுங்கள். இங்கே 2025 ஜூலையிலிருந்து அந்த ஏற்ற இறக்கம் மாதாமாதம் பில்லில் வருகிறது. 600 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு மட்டும் விலக்கு.

முன்பு யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறும் ஒரே கட்டணம். இப்போது பில்லில் ஏன் இத்தனை தனித்தனிக் கட்டணம்?

என் பில்லைப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மாதம் 1,500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு மின்சாரத்துக்கு 27.03 சென், மின் நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு 4.55 சென், கம்பிக்கும் கம்பத்துக்கும் 12.85 சென். கூட்டினால் 44.43. அதற்கு மேல் சில்லறைக் கட்டணம் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்), 600 யூனிட்டுக்குள் அதுவும் கிடையாது. 1,000 யூனிட் வரை சிக்கனத் தள்ளுபடி ஒன்று கழியும்.

எனக்கு இந்தத் தாள் பிடித்திருக்கிறது. சந்தை திறந்தால் போட்டி எங்கே நடக்கும் என்று இதிலேயே தெரிகிறது. முதல் இரண்டு கட்டணத்தில் உற்பத்தியாளர்கள் மோதலாம். பத்து வெள்ளியில் சில்லறைக் கம்பெனிகள் மோதலாம். 12.85-ல் யாரும் மோத முடியாது. மாரியம்மன் கோயில் பக்கத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பெனி வந்து இன்னொரு கம்பம் நடப்போவதில்லை. அந்தக் கட்டணத்துக்குப் பெரும்பாலான நாடுகளில் விலை சொல்வது ஒழுங்குமுறை ஆணையம்தான். இங்கே எரிசக்தி ஆணையம்.

கம்பெனி மாறினால் கரண்ட் வலு குறையுமா?

குறையாது. அதே கம்பி, அதே மீட்டர். பில் அனுப்புகிறவர்தான் மாறுவார்.

1990-லேயே தனியார்மயம் ஆகிவிட்டதே, போட்டி அப்போதே வந்திருக்க வேண்டாமா?

தனியார்மயம் வேறு, போட்டி வேறு. 1990-ல் தேசிய மின்சார வாரியத்தின் இடத்தில் தெனாகா நேஷனல் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, ஆள் ஒருவரே. 1992 செப்டம்பர் 29-ல் தீபகற்பமே இருண்டது. அதற்குப் பிறகுதான் தனியார் மின் நிலையங்களுக்கு 21 ஆண்டு ஒப்பந்தங்கள் கிடைத்தன. நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தயார் நிலையில் இருப்பதற்கே காசு.

குலை ஏற்ற லோரி பிடிக்கிறோம். மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலும் லோரி வாடகை ஓடும். அந்த மாதிரிதான். விற்கப் பலர், வாங்க ஒருவர். இதைச் சந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016 முதல் பெரிய சூரியசக்தி நிலையங்களுக்கு ஏலம் விட்டார்களே, அங்கேதான் கொஞ்சம் போட்டி தெரிந்தது.

எங்கள் தாமான் குடியிருப்புக்கு ஒருவர் வந்து, கம்பெனி மாற்றிக்கொடுக்கிறேன், 30 விழுக்காடு தள்ளுபடி என்று பில் நகல் கேட்டார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தீபகற்பத்தில் வீட்டுக்காரர் மாற்றிக்கொள்ள இன்னொரு கம்பெனியே இல்லை. கூரையில் சோலார் போடுகிற வியாபாரம் தனி. அதற்கு வந்தவர் என்றால் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

நேரத்துக்கு ஒரு விலை என்கிறார்களே, லாபமா?

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் கேட்டு வாங்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 முதல் இரவு 10 வரை விலை அதிகம், மற்ற நேரம் குறைவு. மாலையில் ஏர்கோன் ஓடும் வீட்டுக்கு இது சரிப்படாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து துணியைத் துவைத்துப் போடும் தோட்டத்து வீட்டுக்கு ஒத்துவரலாம். ஒரு மாதம் மீட்டரைப் பார்த்து எழுதி வைத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.