கூப்பிட்டால் திரும்பாத வெள்ளையன்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு மாத ராஜபாளையம் குட்டி இருக்கிறது. முழு வெள்ளை என்பதால் பெயர் வெள்ளையன். தெரிந்தவர் தோட்டத்தில் பிறந்தவன். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் மட்டும் பறந்து வருகிறான். கூடத்தில் சிறுநீர் கழிக்கிறான். அதட்டினால் நின்ற இடத்திலேயே மறுபடியும் விட்டுவிடுகிறான். கிராமத்தில் பல நாய்களை வளர்த்த என் மாமனார், “திமிர் பிடித்த நாய், அடித்தால்தான் அடங்கும்” என்று செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கிறார். ஈரத்தில் மூக்கைத் தேய்க்கிறார். போன வாரம் தூங்கிக்கொண்டிருந்தவனைப் பிடித்துத் தூக்கியபோது அவர் விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. மாமியார் காப்பித்தூள் அப்பிவிட்டார். மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடித்தால் யார் தலைவன் என்று அதற்குப் புரிந்துவிடும் என ஒரு வீடியோவில் பார்த்ததாக என் கணவர் சொல்கிறார். எட்டு வயது மகள் அழுகிறாள். நாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமனாரின் விரல். நாய்க்கடி என்றால் உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும், உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். அவர் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பதிலை அப்படியே மூடி வைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசி இலவசம். கடித்த நாய் 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால் அந்தக் கடியால் ரேபிஸ் வராது என்பது உண்மைதான். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். வெள்ளையனுக்கு மூன்று மாதத்தில் போட வேண்டிய ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், கடித்த கதையையும் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி வெள்ளையன். முழு வெள்ளை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, தட்டைக் கண்டால் வருகிறான், தூக்கத்தில் தொட்டால் பதறிக் கடிக்கிறான். நான்கையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தனித்தனியாக. அவற்றைச் சேர்த்துப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: இவனுக்குக் காது கேட்கிறதா?

ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாமை இருப்பது இந்த இனத்தை வளர்ப்பவர்கள் அறிந்த விஷயம். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அணுக்களே உட்காதுக்குள்ளும் இருக்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால், ஒலியை உணரும் நுண்ணிய பகுதி பிறந்த சில வாரங்களிலேயே சிதைந்துவிடும். டால்மேஷியன் இனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தவற்றில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. எல்லா வெள்ளை நாய்க்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் வெள்ளைக் குட்டி திரும்பிப் பார்க்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காதை. கூடப்பிறந்த குட்டிகளோடு இருக்கும்வரை வெளியே தெரியாது. அவை ஓடினால் இதுவும் ஓடும். தனியாக ஒரு வீட்டுக்கு வந்த பிறகுதான் “சொன்ன பேச்சைக் கேட்பதில்லை” என்ற புகார் பிறக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவன் நன்றாகத் தூங்கும்போது பின்பக்கமாக நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். இன்னொரு நாள் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள், வேறொரு நாள் விசில் ஊதுங்கள். உங்கள் நிழல் அவன்மேல் விழக் கூடாது, காற்று படக் கூடாது, தரை அதிரக் கூடாது. காது அசைகிறதா, கண் திறக்கிறதா என்று கவனியுங்கள். சத்தத்துக்கு விழித்துவிட்டு வேறு திசையில் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கிறது என்று ஊகிக்கலாம். சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். உறுதியாகத் தெரிந்துகொள்ள, பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்யும் ‘பெரா’ போன்ற செவித்திறன் பரிசோதனை நாய்களுக்கும் உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். காதில் சீழோ அழுக்கோ அடைத்திருக்கிறதா என்பதையும் அவர் பார்த்துவிடட்டும்.

காது நன்றாகக் கேட்கிறது என்றே முடிவு வந்தாலும் கீழே சொல்லப்போகும் பழக்குமுறையை மாற்ற வேண்டியதில்லை. கேட்கும் நாய்க்கும் இதுவே நல்ல முறை. சைகையோடு ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடியை எடுத்துக்கொள்வோம். ஆழ்ந்து தூங்குபவனை இரண்டு கைகள் திடீரென்று பிடித்துத் தூக்குகின்றன. காலடிச் சத்தம் கேட்காதவனுக்கு அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. பகலில் அதே கைகள் செய்தித்தாளோடு வந்திருக்கின்றன. இதில் திமிரும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. பதறல்தான்.

ஆகவே, இன்றிலிருந்து தூங்கும் வெள்ளையனை யாரும் தொடக் கூடாது. மகளுக்கு இது கண்டிப்பான விதி. எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பெரியவர்கள் ஒரு துண்டுக் கோழிக்கறியை மூக்கருகே நீட்டுங்கள், வாசனையில் எழுந்துகொள்வான். இதோடு ஒரு பழக்கம்: விழித்திருக்கும்போது தோளில் மெதுவாக ஒரு தொடுகை, உடனே ஒரு துண்டு. நாளெல்லாம் இப்படிச் செய்யுங்கள். பிறகு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது. தோளில் கை பட்டால் நல்லது நடக்கப்போகிறது என்று அவன் உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கத்தில். படுக்கையைச் சுவர் மூலையில் போடுங்கள், பின்னாலிருந்து யாரும் வர முடியாதபடி.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது ‘எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ’ என்னும் எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் பயத்தை விடுவதில்லை, உறுமலை விட்டுவிடுகிறது. பிறகு அது எச்சரிக்காமல் கடிக்கும்.

உங்கள் கணவர் பார்த்த வீடியோவைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. கூட்டத்துக்கு ஒரு தலைவன், அவன் அடக்கி ஆள்பவன் என்ற கருத்து, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் எழுதியதிலிருந்து பரவியது. அதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் நேரில் கவனித்த பிறகு, 1999-ல் அதைத் திருத்தி எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள். வீடியோக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களின் சொந்தக்காரர்களிடம் என்னென்ன முறைகளைக் கையாண்டார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தவர்களிலும் உதைத்தவர்களிலும் 43 சதவீதத்தினர், புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதத்தினர், நாய் பதிலுக்கு மூர்க்கம் காட்டியதாகச் சொன்னார்கள். வெள்ளையன் விஷயத்தில் அமுக்குகிறவரின் முகம் அவன் பல்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்று கணவரை ஒரு முறை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடத்து ஈரம் இரண்டு வகை. அதட்டும்போது நின்ற இடத்தில் விடுவது, நாய்க்குட்டிகள் பெரியவர்களைச் சாந்தப்படுத்தச் செய்வது. ‘நான் சின்னவன், என்னை விட்டுவிடுங்கள்’ என்பதை அவன் அப்படித்தான் சொல்லத் தெரிந்தவன். அதற்கும் அடி விழுந்தால் இன்னும் அதிகமாக விடுவான். அவன்மேல் குனிந்து நிற்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கையை நீட்டினாலே பாதி குறைந்துவிடும். மற்ற நேரத்து ஈரம் பழக்கக் குறைவு. மூக்கைத் தேய்ப்பதில் அவன் கற்றுக்கொள்வது, மனிதர் கண்முன் கழித்தால் ஆபத்து என்பதை மட்டுமே. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போவான். நீங்கள் கேட்பது மனிதர் முன்னால், வெளியே கழிக்க வேண்டும் என்று. சொல்லிக்கொடுப்பதோ அதற்கு நேர் எதிரானது. முகத்தைப் பார்த்தாலே தப்பு செய்தது தெரிகிறதே என்பார் மாமனார். நாய்களின் மனத்தை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்துச் செய்த சோதனையில், அந்தக் குற்ற முகம் திட்டு வாங்கும்போதுதான் வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். கழித்து முடித்த அந்த நொடியில், அங்கேயே, தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி என்று எடுத்துக்கொள்வான். உள்ளே கண் பார்வையில் வைத்துக்கொள்ள முடியாத நேரத்தில் அவனுக்கென்று தடுத்த ஓர் இடம் போதும். பினாயில் வாசனை நம் மூக்குக்குத்தான் மறைக்கிறது. செல்லப்பிராணிகளுக்கான என்சைம் திரவத்தால் துடைத்தால்தான் பழைய இடம் அவனை மறுபடி அழைக்காது. இத்தனைக்குப் பிறகும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பழக்குவதை ஒரு சைகையில் தொடங்குங்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள், அடுத்த நொடி ஒரு துண்டு கொடுங்கள். கொஞ்ச நாளில் அந்த விரலே அவனுக்குப் பாராட்டாகிவிடும். அதன் பிறகு அவன் தானாகத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் விரல், துண்டு. காது கேளாத நாய்க்கு எல்லாப் பாடத்துக்கும் அடிப்படை இதுதான், ஏனென்றால் பார்க்காதவனிடம் எதையும் சொல்ல முடியாது. உட்கார வைக்க, கையில் துண்டை வைத்து மூக்குக்கு மேலே பின்னோக்கி நகர்த்துங்கள். தலை உயரும், பின்பகுதி தாழும், விரலைக் காட்டுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு கையில் தீனி இல்லாமல் அதே அசைவு மட்டும். தீனி மறுகையிலிருந்து, செய்து முடித்த பிறகு வரட்டும். முன்னால் காட்டினால் அது லஞ்சம், பின்னால் கொடுத்தால் சம்பளம். ‘வா’ என்பதற்குக் கையை நெஞ்சோடு சேர்க்கும் பெரிய அசைவு போதும். இருட்டில் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடலாம். வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும். சுவரில் படமாக வரைந்து ஒட்டும் வேலையை மகளிடம் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெயரை மாற்ற வேண்டியதில்லை. அது உங்களுக்காக வைத்த பெயர்தானே.

துண்டு என்பது சுண்டுவிரல் நகம் அளவு. வேகவைத்த கோழி, அவித்த முட்டை, கேரட் போதும். உப்பு, மசாலா வேண்டாம். நாள் முழுக்கக் கொடுக்கும் தின்பண்டம் அவன் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகாது. திராட்சை எந்த வடிவிலும் ஆகாது, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை உட்பட. வெந்த எலும்பு குத்திக் கிழிக்கும்.

மாமனாரை எதிர்த் தரப்பில் நிறுத்தாதீர்கள். தோட்டத்தில் கட்டிப்போட்டு வளர்த்த நாய்களோடு அவர் செய்தது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததே. அவருக்கு நேரமும் பொறுமையும் உங்கள் எல்லோரையும்விட அதிகம் இருக்கும். கோழித் துண்டு டப்பாவை அவர் கையில் கொடுங்கள். காலை நடையும் அவருடையதாகட்டும், வெயில் ஏறித் தார்ச்சாலை சுடுவதற்கு முன். இந்தக் குட்டியோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டியவர் அவர்தான். காது விஷயம் உறுதியானால் அவர் மனம் மாற நீங்கள் வாதாட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

வெளியே ஒருபோதும் அவிழ்த்து விடாதீர்கள். லாரி ஹாரன் அவனுக்குக் கேட்காமல் போகலாம். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, திறந்த வெளியில் ஓட விடப் பத்து மீட்டர் கயிறு. காது விஷயம் உறுதியானால், ‘காது கேட்காது’ என்று எழுதி உங்கள் தொலைபேசி எண்ணோடு ஒரு வில்லை மாட்டுங்கள். மின்சார அதிர்ச்சி தரும் பட்டைகளை ‘காது கேளாத நாய்க்கு’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் அவற்றுக்குத் தடை. அவன் கவனத்தைத் திருப்ப லேசர் விளக்கையும் பயன்படுத்தாதீர்கள், ஒளியைத் துரத்துவதே சில நாய்களுக்குப் பைத்தியமாகிவிடும். தீபாவளி மட்டும் உங்கள் வீட்டில் மற்ற நாய் வீடுகளைவிட அமைதியாகக் கழியக்கூடும்.

திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்க வேண்டாம் என்பேன். காது கேளாத நாய் என்று தெரிந்தால் தோட்டத்தில் அவனுக்கு என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நண்பரிடம் பேசத்தான் வேண்டும். கூடப்பிறந்த குட்டிகளையும், தாய் தகப்பனையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், குறையைக் குட்டிகளுக்குக் கடத்திவிடக்கூடும். வெள்ளையனுக்குக் காது கேட்கவில்லை என்று உறுதியானால் அந்தத் தாய் தகப்பன் ஜோடியை மறுபடி இணை சேர்க்கக் கூடாது. வெள்ளையனுக்கும் வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள், எவ்வளவு அழகான வெள்ளை என்று யார் வந்து கேட்டாலும் சரி.