லேசாக மிதிக்கும்போது வண்டி குலுங்குகிறது, எஞ்சின் பழுதுக் குறியீடு (கோடு) பி0121: திராட்டில் சென்சார்தானா?

திராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் சென்சாரின் கார்பன் தடம், அதாவது உள்ளே தொடுமுனை உரசி நகரும் கார்பன் பட்டை, தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் புதியதை வாங்குமுன் மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். அன்றாட ஓட்டத்தில் திராட்டில் பெரும்பாலும் கால்வாசிக்கும் குறைவாகவே திறந்திருப்பதால், தடத்தின் அந்தச் சிறு பகுதியே முதலில் தேய்கிறது. லேசாக மிதிக்கும்போது மட்டும் குலுங்குவதாக நீங்கள் எழுதியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரின் மூன்று கம்பிகளில் ஒன்றில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் இவை இல்லாவிட்டால் பழுது வயரிங்கில்தான் இருக்கும். பிறகு மீட்டரைச் சிக்னல் கம்பியில் (சென்சாரின் அளவை எஞ்சின் கணினிக்குக் கொண்டுசெல்லும் கம்பி) வைத்து, திராட்டிலைக் கையால் மிக மெதுவாகத் திறவுங்கள். பல வண்டிகளில் அளவு ஏறத்தாழ 0.5 வோல்ட்டில் தொடங்கி 4.5 வரை தடையின்றி ஏறும். 0.9 வரை வந்து, சட்டென 0.2-க்கு விழுந்து, மறுபடி எழுந்தால் தடம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கண நேரச் சரிவை டிஜிட்டல் மீட்டர் தவறவிடக்கூடும். முள் மீட்டர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இந்தச் சோதனை கேபிள் இழுக்கும் திராட்டிலுக்கு மட்டுமே உரியது. மோட்டாரால் இயங்கும் வகையாக இருந்தால், சாவி ஆனில் இருக்கும்போது திராட்டிலின் உள்ளே திரும்பும் தட்டை விரலால் தள்ளவே கூடாது. பெடலை மிதித்து, ஸ்கேனர் (பழுதுக் கோடுகளைப் படிக்கும் கருவி) காட்டும் நேரடி அளவுகளைப் பாருங்கள்.