பிழைக்க வந்த குடும்பத்துப் பெண், கணவரை இழந்தபின் போலீஸ் ஆக முடியுமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பலருக்கும் உள்ள கேள்வி இது. முடியும். இந்தியக் குடியுரிமை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

‘ஆதரவற்ற விதவை’ என்றால் கணவரை இழந்து, மறுமணம் செய்யாமல், போதிய வருமானமின்றி இருப்பவர். குழந்தை, வேலை என்று வயது கடந்துவிட்டாலும், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு இவர்கள் 37 வயது வரை விண்ணப்பிக்கலாம். 3% ஒதுக்கீடும் உண்டு.

குழாயடியில் முதல் குடம் உங்களுக்கு என்று விட்டுக்கொடுத்தாலும், தூக்கிப் போவது நீங்கள்தானே? அதுபோல சலுகை இருந்தாலும், உயரம் 159 செ.மீ. (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157), 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடுவது எல்லாம் உண்டு.

பலர் சறுக்குவது தமிழ்த் தகுதித் தேர்வில். 80-க்கு 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தேர்வு விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பேச்சுத் தமிழ் போதாது. தினமும் வாசித்துப் பழகுங்கள்.

ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர் (திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலை). இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்குப் பின் வாங்கினால் பயனில்லை.

விவாகரத்தானவர், கணவரால் கைவிடப்பட்டவர் இந்த ஒதுக்கீட்டில் வரமாட்டார்கள். பொதுவான மகளிர் ஒதுக்கீட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.