எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உடல் பருமன். 6 வயது மகனும் அப்படியே வருகிறான். ஜீன்தான் காரணம் என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கிறது. ஜீனுக்கும் இதில் பங்கு உண்டு என்று புரிந்ததும் நான் முதலில் செய்தது, என் மகனைத் திட்டுவதை நிறுத்தியதுதான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒரே வீடு, ஒரே சமையல். பெரியவள் வயிறு நிறைந்துவிட்டால் தட்டில் இரண்டு வாய் மிச்சம் இருந்தாலும் எழுந்துவிடுவாள். சின்னவன் தன் தட்டை வழித்துவிட்டு அக்காவின் தட்டைப் பார்ப்பான். அதைப் பேராசை என்றே நினைத்திருந்தேன். ஒருமுறை உறவினர்கள் முன்னால் அவன் கையைத் தட்டிவிட்டேன். அழாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எடையோடு தொடர்புடைய ஜீன்களில் பல வேலை செய்யும் இடம் மூளை. பசி எவ்வளவு சீக்கிரம் வருகிறது, ‘போதும்’ என்ற உணர்வு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை அவை மாற்றுகின்றன. கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடலில் கொழுப்பு இருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அதன் ஜீன் 1994ல் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து, மிக அதிக எடையுள்ள இரண்டு குழந்தைகளுக்கு அந்த ஜீனே பழுதாகி இருந்ததைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிறகு லெப்டினை ஊசியாகக் கொடுத்தபோது பசி அடங்கியது, எடையும் இறங்கியது. கண்டிப்பும் பட்டினியும் சாதிக்காததை விட்டுப்போன ஒரு ஹார்மோன் சாதித்தது.

அந்த மாதிரி ஒற்றை ஜீன் கோளாறுகள் அரிது. பெரும்பாலான குழந்தைகளிடம் நூற்றுக்கணக்கான ஜீன் வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. எடையோடு தொடர்பு இருப்பதாக 2007ல் தெரியவந்த எஃப்டிஓ (FTO) ஜீனையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் எடை கூட்டும் வடிவத்தையே பெற்ற பெரியவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். ஓடியாடி இருப்பவர்களிடம் அந்த வித்தியாசமும் குறைகிறது. ‘பருமனில் 70 சதவீதம் ஜீன்’ என்று படித்துவிட்டு மீதி 30தான் நம் கையில் என்று எண்ணாதீர்கள். அந்தக் கணக்கு மனிதருக்கு மனிதர் எடை ஏன் வேறுபடுகிறது என்பதைப் பற்றியது. உங்கள் மகனின் உடலைப் பங்கு போட அது உதவாது.

எடையைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. அவன் பின்கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரி ஒரு கருமை. அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி அது என்று மருத்துவர்தான் சொன்னார். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தோம். கல்லீரல் பரிசோதனையின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. அதே எடையுள்ள இன்னொரு குழந்தைக்கு எல்லாம் சரியாக இருக்கலாம். கொழுப்பு தோலுக்கடியில் தங்குகிறதா, கல்லீரலில் போய்ச் சேர்கிறதா என்பதிலும் ஜீனுக்குப் பங்கு உண்டு. அதனால் எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம் நாங்கள் மாற்றியது வீட்டை. இனிப்புப் பானங்கள் வாங்குவதை நிறுத்தினோம். பாத்திரங்கள் சாப்பிடும் இடத்துக்கு வராமல் அடுப்படியிலேயே இருக்கும். சீக்கிரம் தூங்குகிறோம், மாலையில் எல்லோருமே விளையாடப் போகிறோம். அவனுக்கென்று தனிச் சாப்பாடு கிடையாது, தனிச் சட்டமும் கிடையாது. பசி அதிகமுள்ள பிள்ளைக்குக் கண்முன் இருக்கும் பண்டத்தை மறுப்பது மற்றவர்களைவிடக் கடினம். அந்தப் போராட்டத்தை அவன் தலையில் கட்டக்கூடாது.

5 வயதுக்கு முன்பே எடை வேகமாக ஏறியிருந்தாலோ, எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்காமல் இருந்தாலோ, வளர்ச்சி பின்தங்கியிருந்தாலோ ஜீன் பரிசோதனை வேண்டுமா என்று குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் கேளுங்கள். எடை கூடும்போது உயரம் கூடவில்லை என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது மட்டும் ‘நீ குண்டாக இருக்கிறாய், அதனால்தான்’ என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஒரு வாரம் அவன் எங்கள் முன்னால் சாப்பிடவே பயந்தான்.